வலது மூலைக் கையெழுத்து

யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். குணாளனை எழுப்பியது அதுதான். சத்தம் கூடினால் அவன் அசையவே மாட்டான். காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவன், கம்ப்ரசர் பக்கத்தில் நின்றபடியே கண்ணயரத் தெரிந்தவன், பகலில் ஓட்டேரி மார்க்கெட்டின் மொத்தக் கூச்சலும் ஜன்னல் வழியாக வந்து படுத்தால் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத் தூங்குவான். குறைந்தால்தான் பயம். கம்ப்ரசர் இரைச்சல் ஒரு இழை இறங்கினாலும் எங்கேயோ அமோனியா கசிகிறது, ஓட வேண்டும். இப்போது ஓட இடமில்லை, கண்ணைத் திறக்காமல் கிடந்தான். குறைத்தது அம்மா இல்லை. அம்மாவுக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொரு காது போய்க்கொண்டிருக்கிறது, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் டிவி வைப்பாள். அப்படியானால் தமயந்தி. தங்கச்சி வியாசர்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக இந்த வெயிலில் எதற்கு வந்தாள்? அண்ணன் தூங்கட்டும் என்று குறைத்திருக்கலாம். இருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் குறைக்காதவளுக்கு இன்றைக்கு என்ன திடீரென்று பாசம்? கம்பெனியில் ஒட்டிக்கொண்டு வந்த குளிர் முட்டிகளில் இன்னும் இருந்தது, முதுகிலோ வியர்வை. குறைந்த சத்தத்துக்குள் காதை நுழைத்தான். கல்லின்மேல் உலோகத்தை மெதுவாக இழுக்கிற ஓசை, அது முடிகிற இடத்தில் ஒற்றைத் தந்தி ஒன்று அதிர்ந்து நின்றது. எந்தத் தூக்கத்திலும் தெரியும் அவனுக்கு அது. 'உரசிப் பார்ப்போம்' தொடங்குகிற ஓசை. அடுத்த வாரம் என்றுதானே சொன்னாள்! அடுத்த வாரம்தான் நம்மளது வருதுண்ணா, அன்னிக்கு லீவு போட்டுடு என்று போனில் அத்தனை சர்க்கரையாகச் சொன்னாளே.

ஷிப்டு முடிந்து தூங்கிப்போகாத வாரமெல்லாம் அவன் தவறாமல் பார்க்கிற நிகழ்ச்சி அது. வீட்டில் இருக்கிற பழைய படத்தை, சிலையை, மரச் சிற்பத்தை ஜனங்கள் கொண்டுவருவார்கள், ஒரு மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் வைப்பார்கள், டாக்டர் இந்திராணி என்கிற அம்மாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பாள், விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் அடிப்பாள், வண்ணத்தில் கடுகத்தனை சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவாள், கடைசியில் அசல் அல்லது போலி. பெரும்பாலும் போலி. காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருத்தி தன் மாமனார் பூஜித்த நடராஜரைக் கொண்டுவந்தபோது, இது போன தலைமுறையில் வார்த்தது, மண்ணில் புதைத்து அமிலம் ஊற்றிப் பழசாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி அழவில்லை, சிலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் கேமரா அவள் முகத்தை விட்டுப் போகவே இல்லை. கண்ணீர் வரும் வரைக்கும் நிற்போம் என்கிற மாதிரி நின்றது, வந்ததும்தான் விளம்பரம் போட்டார்கள். அதை மட்டும் குணாளனால் ஜீரணிக்க முடியவில்லை. மற்றபடி அந்த நிகழ்ச்சிதான் அவனுக்குப் பள்ளிக்கூடம், பத்தாவது தாண்டாதவனுக்கு மேல்படிப்பு. அதைப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எல்லாவற்றையும் உரசிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. டீத்தூளைத் தண்ணீரில் போட்டுச் சாயம் பிரிகிறதா என்று பார்ப்பான். தேனை நெருப்பில் காட்டுவான். பல வருஷம் தள்ளி வந்த ஒரு வரனின் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஸ்டூடியோக்காரன் மூக்கில் கை வைத்திருக்கிறான் என்றான். அந்தப் பெண்ணுக்கு நேரிலும் அதே மூக்குதான் என்று தெரிந்தபோது அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. வேலையிடத்தில் மரியதாஸ் கேட்பான், யோவ், உங்க வீட்ல அவ்ளோ பெரிய ஆள் வரைஞ்ச படம் கீதுன்ற, நீ இன்னாத்துக்குய்யா எங்களோட ஐஸ் தூக்கிகினு கீற? குணாளன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குள் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறான், வாடகை இல்லாமல். இன்றைக்குக் காலி செய்யச் சொல்வார்களோ?

வடசென்னைச் சந்து வீட்டில் நீலமேகனின் ஓவியம். பேரைச் சொன்னாலே ஓவியம் தெரிந்தவர்கள் ஒரு நிமிஷம் நிற்கிற பேர். எழும்பூர்ப் பக்கத்து ஓவியக் கல்லூரியில் அவர் வாத்தியார், அம்மா அங்கே ஆயா என்றுதான் தெருவுக்குச் சொல்லியிருந்தது. அப்பா செத்த பிறகு அம்மா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, ஆயா வேலை இல்லடா, மேடையில உக்கார்ற வேலை, பசங்க பாத்து வரைவாங்க என்றாள், குழம்பு ஊத்தட்டா என்கிற அதே குரலில். மரமேடையில் அவள் காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்களாம், டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் அதே கோட்டுக்குள் காலை வைக்க வேண்டுமாம். அன்றைக்கு அந்த அட்டைப் படத்தைப் பார்த்தவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். படம் ஒரு முதுகு. புடவை இடுப்புக்கு நழுவியிருக்கும், கொண்டை அவிழப் போகிற மாதிரி இருக்கும், முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், வலது கீழ்மூலையில் சிவப்பில் நீலமேகன் என்று சுழித்த கையெழுத்து. சின்ன வயதிலிருந்து அதன் கீழே பாடம் படித்தவன், அதற்கப்புறம் நேராகப் பார்த்ததே கிடையாது. கையெழுத்தை மட்டும் பார்ப்பான். எல்லோருக்கும் கையெழுத்தைத்தான் காட்டுவான். நீலமேகனைப் பற்றிப் பேப்பரில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்தான், கண்காட்சி நடந்தால் ஷிப்டு முடிந்த கையோடு போய் நின்றான், வாசல் காவலாளி முதலில் அவன் செருப்பைப் பார்ப்பான், பிறகு அவனைப் பார்ப்பான், குணாளன் மனசுக்குள் எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குடா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவான். ஆனால் அங்கே தொங்கிய படங்களில் அந்த மாதிரி முதுகு எதுவும் இல்லை. நீலமேகனின் பெண்களுக்குத் தோள் கல்லில் செதுக்கியது போல இருக்கும். வீட்டுப் படத்தில் தோள் சரிந்திருக்கும், களைத்திருக்கும். அந்த வித்தியாசத்தை அவன் கண்டான், கண்டதை யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் சரி. பெரிய ஆட்களுக்கும் ஒரு நாள் கை வேறு மாதிரி போகும் என்று மூடி வைத்தான்.

நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டது தமயந்தி. படப்பிடிப்பு பகலில், அவனுக்கு அன்று ரெண்டு ஷிப்டு சேர்ந்து விழுந்துவிட்டது, அதுவும் தானாக விழுந்ததா? அம்மாவையும் படத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவளும் அவள் புருஷன் வேலுச்சாமியும் போனார்கள். திரும்பி வந்ததும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்ன சொன்னாங்க என்று இவன் கேட்டான். சொல்லக் கூடாதுண்ணா, டிவியில வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. எனக்குமா? உனக்குன்னு தனியா சட்டம் போடலண்ணா. படத்தைப் பழுப்புத்தாளைப் பிரிக்காமலேயே பீரோவுக்குப் பின்னால் செருகினார்கள், சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது, நான் மாட்டட்டா என்றபோது அப்புறம் பாத்துக்கலாம் என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூன்று பேர் ஒரே பதிலை ஒரே நேரத்தில் சொன்னால் அது முன்கூட்டிப் பேசி வைத்த பதில். தாளுக்குள் இருப்பது அதே படம்தானா? தூக்கிப் பார்த்தான் ஒரு நாள், கனம் அதேபோலத்தான் இருந்தது, அதேபோலத்தான் என்று நினைப்பதற்குள் கை சந்தேகப்பட்டது. வேலுச்சாமி வேலை செய்வது கிரில் பட்டறையில். பெயின்ட் அடிக்கிற ஆள். பெயின்ட். ஏன் இதுவரைக்கும் இது தோன்றவில்லை? போன தடவை வீட்டுக்கு வெள்ளையடித்தபோது படத்தைத் துடைக்கிறேன் என்று கழற்றி, ராத்திரி முழுக்கத் தன் வீட்டில் வைத்திருந்தானே. மாற்றி வைத்திருந்தால்? அசலை விற்றுவிட்டு நகலை மாட்டியிருந்தால் இவனுக்கு எப்படித் தெரியும், இவன்தான் படத்தைப் பார்ப்பதே இல்லையே. நேராகப் பார்த்தவள் தமயந்திதான். அம்மாவுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுகிறவளும் அவள்தான். இரண்டையும் பார்த்தவள் அவள் ஒருத்தி. அவள் வாயைத் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் இந்திராணியின் குரல் வந்தது, வழவழவென்று, ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் தடவுகிற பஞ்சு மாதிரி. அட்டை அந்தக் காலத்து அட்டைதான் என்றாள். குணாளன் மூச்சை விட்டான். வண்ணமும் அந்தக் காலத்துடையதுதான் என்றாள். வேலுச்சாமி மாற்றவில்லை, பாவம். பாவமா? அவசரப்படாதே. ஆனால், என்றாள் அவள். அந்த ஆனாலுக்காகவே அந்த நிகழ்ச்சியை நடத்துகிறார்கள். தூரிகை நீலமேகனுடையது இல்லை, அவர் தோள்பட்டையை இப்படி விடவே மாட்டார், வகுப்பில் யாரோ ஒரு மாணவர் வரைந்திருக்க வேண்டும். பிடரியில் யாரோ ஐஸை வைத்து அழுத்தினாற்போல இருந்தது. அவனுக்குத் தெரியும், அந்தச் சரிந்த தோளைப் பார்த்த நாளிலேயே தெரியும், தெரிந்ததை இன்னொருத்தி டிவியில் சொல்லும்போது மட்டும் ஏன் திருட்டுப் போன மாதிரி இருக்கிறது? அவள் நிறுத்தவில்லை. இன்னொரு விஷயம், கையெழுத்து. அது ஓவியர்கள் பயன்படுத்தும் வண்ணமே இல்லை, இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமல், படம் நன்றாகக் காய்ந்த பிறகு வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். யார் அந்தக் கை? தொகுப்பாளர் பையன் குரலைத் தாழ்த்தி, ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு, என்றான். சோப்பு விளம்பரம் வந்தது. இரும்புக் கதவு. எனாமல். குணாளன் எழுந்துவிட்டான். லுங்கியைச் சரியாகக் கட்டக்கூட இல்லை, கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தமயந்தி ரிமோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு டிவிக்கு ஒட்டினாற்போல நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் முதல் வேலையாக டிவியை அமர்த்தப் போனாள்.

"வுடு. கை வெக்காத. அடுத்த வாரம்னியே?"

"தூங்குவன்னு பாத்தேண்ணா. நைட்டெல்லாம் முழிச்சிட்டு வந்து..."

"ஏமாத்தாத. எனாமல் பெயின்ட் யார் கிட்ட இருக்கும்? கிரில் பட்டறையில இருக்கும். உன் வூட்டுக்காரன் ராத்திரி எடுத்துகினு போனானே, அன்னிக்குத்தானே போட்டான் கையெழுத்து?"

தமயந்தியின் முகம் சிவந்தது. "இன்னா பேசற நீ? நான் ஆறாவது படிக்கறப்பவே அந்தக் கையெழுத்து கீது. எம் புருஷன் அப்ப டவுசர் போட்டுகினு கோலி ஆடினு இருந்தாரு. கண்ணாலம் கட்டின நாள்லேருந்து உனக்கு அவர் மேல ஒரு கண்ணு. ஊட்ல சோப்பு தேஞ்சாகூட அவர்தான் திருடிட்டாரு உனக்கு."

அது உண்மைதான், கணக்கு இடிக்கிறது, அவனே அதன் கீழே உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறான், கையெழுத்தை விரலால் தடவியிருக்கிறான், எப்படி மறந்தது? சந்தேகம் வந்தால் தன் ஞாபகத்தையே சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. அப்பாவா? துறைமுகத்தில் மூட்டைகளில் மார்க் பார்த்து எண்ணுகிற வேலை அவருக்கு, கறுப்பு மை டப்பா எப்போதும் கூடவே இருக்கும், ஆனால் இது சிவப்பு. அப்பாவுக்கு எதற்கு இந்த வேலை? படத்தைக் கண்டாலே அந்தப் பக்கமாகத் திரும்பிச் சாப்பிடுகிற மனுஷன். அப்படியென்றால் வெளி ஆள் யாரோ, யாரந்த ஆள், ஏன் இந்த வீட்டுக்குள் வந்தான் என்று எண்ணம் போகக் கூடாத திசைக்குக் கால் எடுத்து வைத்தபோது அம்மா நிமிர்ந்தாள். சத்தம் கேட்டிருக்காது, முகங்களைப் பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குடா அவகிட்ட மல்லுக்கு நிக்கற? நான்தான் போட்டேன்."

"எத?"

"கையெழுத்த."

ரேஷன் கடையில் கட்டைவிரல் உருட்டுகிறவள். பேங்கில் உருட்டுகிறவள். அவன் ஆறாவது தடவை பத்தாவது எழுதப் போனபோதும் ஹால் டிக்கெட் பின்னால் உருட்டியவள். குணாளன் சிரித்துவிட்டான், சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"உனக்கு எழுதவே தெரியாதேம்மா."

"அது ஒண்ணு தெரியும்." கீரைக் காம்பை வைத்துக் காற்றில் கிறுக்கிக் காட்டினாள். சுழி, கொம்பு, கடைசி எழுத்திலிருந்து பின்னால் இழுக்கிற வால், எல்லாம் ஒரே இழுப்பில். "நீலமேகன் சார் வரையறப்ப எம்மாம் நேரம் உக்காரணும்னு சொல்ல மாட்டாரு. முடிச்சு ஓரத்துல பேரு போட்டாதான் நான் அசையலாம். அப்ப நான் எத பாத்துகினு இருப்பேன்? அந்தக் கையத்தான். எப்படா மூலைக்கு வரும், எப்படா மூலைக்கு வரும்னு. எத்தினி வருஷம்! படிஞ்சு போச்சு."

"அப்ப இது அவர் வரைஞ்சது இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம? தெக்கத்திப் பையன் ஒருத்தன் வரைஞ்சான். பேரு நெனப்பு இல்ல. பீஸு கட்ட முடியல, படிப்ப வுட்டுட்டு ஊருக்குப் போறேன், இத வெச்சுக்கங்க்கான்னு குடுத்துட்டுப் போயிட்டான். அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். உங்கப்பா பாத்துட்டாரு. யார்டி இது, எவன்டி வரைஞ்சதுன்னு அட்டையத் தூக்கி அடுப்பாண்ட போறாரு. நான் சட்டுனு, ஐயோ அது நீலமேகன் சார் வரைஞ்சது, கவர்னர் கையால மெடல் வாங்கினவரு, வேற யாரோ பொம்பளையப் பாத்து வரைஞ்சு எனக்குப் பொங்கலுக்குக் குடுத்தாருன்னேன். அவரு கேட்டாரு, அப்ப மார்க் எங்கன்னு. மார்க் இல்லாத மூட்டை திருட்டு மூட்டைம்பாரு அவரு, தெரியும்ல? இருட்டுல உனக்குத் தெரியலய்யா, காலையில காட்டறேன்னேன். அவரு தூங்கினதும், கீழ்வூட்டுப் பால்காரன் மாட்டுக் கொம்புக்கு அடிச்ச மிச்சம் இருந்திச்சு, சேப்பு. தொடப்பக்குச்சியில தொட்டுப் போட்டேன். காலையில பாத்தாரு. ஆணி அடிச்சு அவரே மாட்டினாரு."

"மாட்டுக் கொம்பு பெயின்ட்டுன்னு அங்க சொன்னதும் கேமராக்காரர்லாம் சிரிச்சிட்டாங்கண்ணா" என்றாள் தமயந்தி. கோபம் இன்னும் குரலில் இருந்தது, ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. "பேப்பர் குடுத்து எழுதிக் காமிக்கச் சொன்னாங்க. அம்மா காமிச்சுது. அந்த டாக்டரம்மாவே கை தட்டினாங்க. படம் போலின்னதும் உன் மூஞ்சி எப்படி ஆவும்னுதான் நான் அடுத்த வாரம்னேன். வேற ஒண்ணும் இல்ல."

விளம்பரம் முடிந்தது. மூன்று பேரும் டிவியைப் பார்த்தார்கள். கறுப்புத் துணிமேல் படம், கையெழுத்து பெரிதாகி, இன்னும் பெரிதாகி, சிவப்புக் கோடாகித் திரையை நிறைத்தது. அடுத்தபடி அம்மாவின் முகம், கேமரா நெருங்கி வந்து நின்றது. அம்மா அசையவில்லை. கண் இமைகூட அடிக்கவில்லை. நின்று நின்று பார்த்துவிட்டுக் கேமராவுக்கே அலுத்துப்போய் நகர்ந்தது. வேலை தெரிந்தவள் உட்கார்ந்திருந்தாள் அங்கே. பேப்பரில் எழுதிக் காட்டியது வரவில்லை, மாட்டுக் கொம்பு வரவில்லை, கைதட்டல் வரவில்லை. அந்த மர்மக் கை யாருடையது, காலத்துக்கே வெளிச்சம் என்று தொகுப்பாளர் பையன் கைகூப்பினான், அதே உலோகம் அதே கல்லில் உரசியது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா. "நான் சொன்னது எங்க?"

தமயந்தி அவள் நல்ல காதுப் பக்கம் குனிந்து, வெட்டிட்டாங்கம்மா என்றாள்.

"நான் பேசினேனே. வரைஞ்சது அந்தப் பையன், உக்காந்தது நானுன்னு சொன்னேனே. உங்கப்பாகிட்ட சொல்லாதத அங்க சொன்னேன்."

அவள் அழுவாள் என்று குணாளன் நினைத்தான். அழவில்லை. கீரை உருவிய விரல் பச்சையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பெயர்கள் மேலே போவதையே பார்த்தாள், அதிலாவது தன் பேர் வருமோ என்கிற மாதிரி, படிக்கத் தெரியாதவள். உண்மையைத் தேடுகிறவர்கள், கையில் வந்த உண்மையைக் கத்தரித்துப் போட்டுவிட்டு மர்மத்தை வைத்துக்கொண்டார்கள். மரியதாஸ் நாளைக்கு என்ன கேட்பான், கேட்கட்டும். இவனும்தான் என்ன செய்தான்? இத்தனை வருஷம் மூலையை மட்டும் பார்த்தான். படத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதுகூட மனசின் ஒரு ஓரம், இந்தக் கதையும் அந்த ராத்திரி அப்பாவுக்குச் சொன்ன கதை மாதிரிதானோ என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கிளம்பியது. போகட்டும், சுரண்டிக்கொண்டு கிடக்கட்டும். பீரோவுக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்தான், பழுப்புத்தாளைக் கிழித்தான், சுவரில் சாய்த்து வைத்து எதிரில் உட்கார்ந்தான். சரிந்த தோள். இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சரிந்திருந்தது, வகுப்பு முடிய இன்னும் நேரமிருக்கிறது என்று தெரிந்த தோள். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உன் வூட்டுக்காரர் கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான் தங்கச்சியிடம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஒண்ணும் பேச வேணாம். அவருக்குத் தெரியாது நீ சொன்னது. தெரியவும் வேணாம்."

அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது, அது அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்பிடியே உக்காந்துகினு இருப்பியே, வலிக்காதாம்மா?"

அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆள் அட்ரஸ் விசாரித்த மாதிரி யோசித்தாள்.

"முதுகா? அது மரத்துப் பூடும், ஒண்ணும் தெரியாது. மூக்குதான்டா. கரெக்டா மேடையில ஏறி உக்காந்ததும் மூக்கு அரிக்கும். சொறிய முடியாது. ஊரே உன் முதுக பாத்துகினு கீது, உனக்கு மூக்கப் பத்தின நெனப்புதான்." சொல்லும்போதே புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தப் பையன் மட்டும் தெரிஞ்சுக்குவான். அக்கா, சொறிஞ்சுக்கங்க்கா, நான் இருக்கேன்பான்."

தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தது, அவள் பாட்டுக்குச் சத்தத்தை ஏற்றினாள். அம்மா முறத்தை இரண்டு பேருக்கும் நடுவில் இழுத்து வைத்தாள், ஒரு கொத்தைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினாள். குணாளன் காம்பைப் பிடித்து மேலிருந்து கீழாக உருவினான், இலை முறத்தில் விழுந்தது, அடுத்த காம்பை எடுத்தான்.